மூன்றாம் நம்பர் சட்டை

ரக்பி யூனியன் பார்ப்பவர்களில் பாதிப்பேர் ஸ்க்ரம், அதாவது சின்னத் தப்புக்குப் பிறகு பந்துக்காக இரண்டு அணியும் தள்ளிக்கொள்ளும் கட்டம், வந்ததும் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர், குனிந்து தலையைக் கோத்துக்கொள்கிறார்கள், சரிந்து விழுகிறார்கள், நடுவர் எழுப்பிவிடுகிறார், மறுபடியும் விழுகிறார்கள், கடைசியில் யாருக்கோ ஒரு பெனால்டி. ஏன் கொடுத்தார் என்று வர்ணனையாளருக்கும் தெரியாது. நடுவருக்கே பல நேரம் தெரியாது என்பது என் நெடுநாள் சந்தேகம். எனக்கோ அந்த இரண்டு நிமிடங்களுக்காகத்தான் மொத்த ஆட்டமும். அதனால் இந்தப் பதிவு, முதல் வரிசையின் இரண்டு ஓரத்திலும் நிற்கிற ப்ராப்களைப் பற்றி. அதிலும் வலது ஓரத்தில் மூன்றாம் நம்பர் சட்டை போட்டு நிற்கிற டைட்ஹெட்டைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக.

2019 உலகக் கோப்பை இறுதி ஆட்டம், யோகோஹாமா, இங்கிலாந்தும் தென்னாப்பிரிக்காவும். மூன்றாவது நிமிடத்திலேயே இங்கிலாந்தின் டைட்ஹெட் கைல் சிங்க்லர், சக ஆட்டக்காரரின் முழங்கை தலையில் பட்டு நினைவு தப்பி வெளியே போனார். உள்ளே வந்தவர் டேன் கோல், வயது 32. சாதாரணமாக அவர் கடைசி முப்பது நிமிடத்துக்கு வருவதாகத் திட்டம். இப்போது எழுபத்தேழு நிமிடம் நின்றாக வேண்டும், ஏனென்றால் பெஞ்சில் இன்னொரு டைட்ஹெட் கிடையாது. எதிரே தென்னாப்பிரிக்காவின் லூஸ்ஹெட், அதாவது இடது ஓரத்து ப்ராப், டெண்டாய் ம்டவாரிரா, 'பீஸ்ட்' என்று அரங்கமே கத்திக் கூப்பிடும் ஆள். இரண்டாம் பாதி தொடங்கிய சில நிமிடங்களில் அவரைத் தூக்கிவிட்டுப் புத்தம்புது ஸ்டீவன் கிட்ஷாஃபை இறக்கினார்கள். கோல் மட்டும் அதே கோல். ஸ்க்ரம் பெனால்டி மேல் பெனால்டி, தென்னாப்பிரிக்காவின் ஹேண்ட்ரே பொல்லார்ட் அவற்றை உதைத்து உதைத்துப் புள்ளி சேர்த்தார், 32–12 என்று வென்றார்கள். மறுநாள் இங்கிலாந்து ரசிகர்கள் யாரைத் திட்டினார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

அதோடு அவர் கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மூன்று வருடங்களுக்கு மேல் தேசிய அணிப் பக்கம் அவரைக் கூப்பிடவே இல்லை. அவர் லெஸ்டர் கிளப்பில் வாராவாரம் தலையைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். 2023-ல் திரும்பக் கூப்பிட்டார்கள். அந்த வருட உலகக் கோப்பை அரையிறுதியில், அதே தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக, அதே கிட்ஷாஃபுக்கு எதிரே 36 வயதில் முதல் பதினைந்தில் இறங்கினார். அவர் களத்தில் நின்ற வரைக்கும் இங்கிலாந்து ஸ்க்ரம் அசையவில்லை. அவர் வெளியே போன பிறகு, ஆக்ஸ் ன்சே என்கிற தென்னாப்பிரிக்க லூஸ்ஹெட் இறங்கியதும் சுவர் சரிந்தது. கடைசி சில நிமிடங்களில் ஒரு ஸ்க்ரம் பெனால்டி, பொல்லார்ட் உதைத்தார், தென்னாப்பிரிக்காவுக்கு 16–15 வெற்றி. வேறு எந்த இடத்தில் ஆடுபவருக்கும் இப்படி ஒரு இரண்டாம் வாய்ப்பு கிடைக்காது என்று நினைக்கிறேன். 32 வயதில் அவமானப்பட்ட, ஓரத்தில் வேகமாக ஓடுகிற விங் ஆட்டக்காரர் 36 வயதில் திரும்பி வர முடியாது, கால் வேகம் போய்விட்டிருக்கும். ப்ராப்புக்கு மட்டும் அந்த வயதில்தான் வித்தை முழுசாகக் கைக்கு வருகிறது. ஆனால் அதற்குள் கழுத்து தேய ஆரம்பித்துவிட்டிருக்கும். இந்தத் தொழிலின் மொத்த சங்கடமும் இதுதான்.

சரி, அப்படி என்ன வித்தை? கிட்டே போய்ப் பார்ப்போம்.

முதல் வரிசையில் மூன்று பேர். நடுவில் ஹூக்கர், அவருக்கு இடப்பக்கம் ஒன்றாம் நம்பர் லூஸ்ஹெட், வலப்பக்கம் மூன்றாம் நம்பர் டைட்ஹெட். லூஸ்ஹெட்டின் தலைக்கு இடப்பக்கம் ஆள் கிடையாது, காற்றுதான். அவருடைய வலது தோளில் மட்டும் எதிராளி. டைட்ஹெட்டுக்கு அந்த வசதி இல்லை. அவர் தலை எதிரணி லூஸ்ஹெட்டுக்கும் ஹூக்கருக்கும் இடையில் போய்ச் செருகிக்கொள்கிறது, இரண்டு தோளிலும் ஆள். எதிரே இரண்டு பேர் தள்ளுகிறார்கள், பின்னாலிருந்து சொந்த அணியின் இரண்டாம் வரிசை ஆள், லாக், தோளைக் கொடுத்து முன்னால் தள்ளுகிறார், நடுவில் இவருடைய முதுகெலும்பு. நடுவர் 'க்ரவுச்' என்றதும் குனிய வேண்டும், 'பைண்ட்' என்றதும் வெளிக்கையால் எதிராளியின் முதுகிலோ பக்கவாட்டிலோ சட்டையைப் பிடிக்க வேண்டும், 'செட்' என்றதும் மோத வேண்டும். இந்த மூன்று சொற்களுக்கு நடுவில் இருக்கிற சில நொடிகளில்தான் பாதிச் சண்டை முடிந்துவிடுகிறது.

எப்படியென்றால், முதலில் அந்தப் பிடி. டைட்ஹெட் நீளமாகக் கையை நீட்டி, எதிராளியின் சட்டையை முதுகில் உயரத்தில் பிடித்துவிட்டால் அவர் மார்பு விரிகிறது, முதுகு நேராக நிற்கிறது. லூஸ்ஹெட் அதைத் தடுக்கத் தன் முழங்கையைக் கீழே மடக்கி, டைட்ஹெட்டின் கையைக் கீழே இழுத்துக்கொண்டே இருப்பார். முழங்கை தரையைப் பார்த்தால் தோள் சரிகிறது, தோள் சரிந்தால் இடுப்பு தலைக்கு மேலே ஏறுகிறது, இடுப்பு ஏறிவிட்டால் எத்தனை கிலோ இருந்தாலும் அவ்வளவுதான், முகம் புல்லில். இதெல்லாம் பூட்ஸ் ஆணி மண்ணில் அரை அடி பின்னே முன்னே இருப்பதைப் பொறுத்தும் மாறும். லூஸ்ஹெட் நேராகத் தள்ளாமல் உள்பக்கமாகக் கோணம் போட்டு ஹூக்கரோடு சேர்த்து டைட்ஹெட்டைக் கத்தரிப்பது ஒரு பழைய திருட்டு, சட்டப்படி தப்பு. நடுவர் அந்தப் பக்கம் நின்றால் செய்ய மாட்டார்கள். எதிர்ப் பக்கம் நின்றால் செய்யாதவர் யார்? நடுவர் ஒரே நேரத்தில் ஒரு பக்கத்தைத்தான் பார்க்க முடியும். ஆகவே ஒரு நல்ல ப்ராப், எதிராளியைப் படிப்பது போலவே நடுவரையும் படிக்கிறார்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் ஜேசன் லெனார்ட். 2003 உலகக் கோப்பை இறுதி, சிட்னி. இங்கிலாந்து ஸ்க்ரம் ஆஸ்திரேலியாவை விடப் பலமானது, உலகத்துக்கே தெரியும். ஆனால் நடுவர் ஆந்த்ரே வாட்சன் திரும்பத் திரும்ப இங்கிலாந்துக்கு எதிராகவே விசில் ஊதிக்கொண்டிருந்தார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனபோது 35 வயது லெனார்டை இறக்கினார்கள். அவர் போய்ப் பெரிய வித்தை எதுவும் காட்டவில்லை. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் போகவில்லை, ஸ்க்ரம் விழாமல் பார்த்துக்கொண்டார். விசில் ஊத நடுவருக்குக் காரணமே கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு ஜானி வில்கின்சன் பந்தைத் தரையில் தட்டவிட்டு உதைத்து இங்கிலாந்தை ஜெயிக்க வைத்த ட்ராப் கோல் மட்டும்தான் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. 114 ஆட்டங்கள் இங்கிலாந்துக்கு ஆடிய லெனார்ட், எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் போட்ட ட்ரை மொத்தமே ஒன்று, 1996-ல் அர்ஜென்டினாவுக்கு எதிராக. அந்த ஒன்றைப் பற்றி அவரைக் கேலி செய்யாத ஆளே இல்லை.

லெனார்ட் தச்சுத் தொழிலாளியாக இருந்தவர். 1990-ல் அவர் இங்கிலாந்துக்கு ஆட வந்தபோது ரக்பி யூனியனில் ஆடுவதற்குச் சம்பளம் வாங்குவது விதிப்படி குற்றம். 1995 ஆகஸ்டில்தான் பாரிஸில் கூடிய சர்வதேச வாரியம் அந்தத் தடையை நீக்கியது. அதாவது ப்ராப் என்பது ஒரு சம்பள உத்தியோகமாகி முப்பது வருடம்தான் ஆகிறது, அவர் அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஆடினார். மாற்று ஆட்டக்காரர் விஷயமும் அப்படித்தான், 90-களின் நடுப்பகுதி வரை யாருக்காவது அடிபட்டால்தான் மாற்றலாம். எண்பது நிமிடமும் தள்ளிவிட்டு, நடுநடுவே ஓடவும் வேண்டியிருந்ததால் அந்தக் காலத்து ப்ராப்கள் இன்றைய கணக்கில் சின்ன உருவம்தான்.

இப்போது கணக்கே வேறு. ஓர் அணிக்கு 23 பேர், பெஞ்சில் எட்டுப் பேர், அதில் ஒரு ஹூக்கர், ஒரு லூஸ்ஹெட், ஒரு டைட்ஹெட், அதாவது 16, 17, 18. முன்பு 22 பேராக இருந்தபோது ஒரே ப்ராப் இரண்டு பக்கத்துக்கும் மாற்றாக உட்கார்ந்திருப்பார். இடது பக்கத்துக்காரர் வலது பக்கம் போய் அவதிப்படுவது ஆபத்து என்பதால் தனித்தனி ஆள் கட்டாயமானது. பயிற்சி பெற்ற ஆள் இல்லையென்றால் தள்ளாமல் ஒப்புக்கு ஸ்க்ரம் நடத்த வேண்டும், அது எல்லாருக்கும் அவமானம். இந்த ஒரு விதி ஒவ்வொரு கிளப்பிலும் ப்ராப்களுக்கான வேலையைப் பெருக்கிவிட்டது. ஒரு பெரிய கிளப் சீசன் முழுக்கத் தாக்குப்பிடிக்க டைட்ஹெட் மட்டுமே மூன்று நான்கு பேர் வேண்டும். நல்ல டைட்ஹெட்டோ மரத்தில் காய்ப்பதில்லை. அதனால்தான் பிரான்ஸ் கிளப்கள் ஜார்ஜியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பசிபிக் தீவுகளிலும் ஆள் தேடி அலைகின்றன. ஜார்ஜியாவிலிருந்து பிரான்ஸுக்கு ப்ராப் ஏற்றுமதி என்பது ஒரு தனித் தொழிலே ஆகிவிட்டது. நியூசிலாந்தின் டைட்ஹெட் கார்ல் ஹேமன் 2007-க்குப் பிறகு ஊரைவிட்டு வந்து முதலில் இங்கிலாந்தின் நியூகாசில், பிறகு பிரான்ஸின் துலோன் என்று ஆடினார். அந்தச் சமயத்தில் உலகிலேயே அதிகச் சம்பளம் வாங்கும் ரக்பி ஆட்டக்காரர் என்று அவரைத்தான் பத்திரிகைகள் எழுதின. ட்ரை போடுகிறவர் இல்லை, தள்ளுகிறவர்.

அதற்காக ப்ராப் என்றால் பணம் கொட்டுகிறது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். உச்சத்தில் இருக்கும் சிலருக்குத்தான் அது. மற்றவர்களுக்கு இரண்டு வருட ஒப்பந்தம், முடிவதற்கு ஆறு மாதம் முன்பே தூக்கம் போய்விடும். ஒப்பந்தம் கையில் இருந்தால்கூட உத்தரவாதமில்லை. இங்கிலாந்தில் 2022-ல் வூஸ்டரும் வாஸ்ப்ஸும், 2023-ல் லண்டன் ஐரிஷும் கடனில் மூழ்கின. நேற்று வரை பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தவர்கள் ஒரே நாளில் வேலையில்லாமல் நின்றார்கள்.

இந்த வேலைக்கு ஆள் எப்படி வருகிறார்? சின்ன வயதிலேயே 'நான் ப்ராப் ஆவேன்' என்று கனவு கண்ட பையன் இருப்பானா என்பதே எனக்குச் சந்தேகம். பல பேர் வேறு இடத்தில் ஆடிக்கொண்டிருந்து இங்கே தள்ளப்பட்டவர்கள். ஹராரேயில் பிறந்த ம்டவாரிரா தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தபோது ஸ்க்ரம்மின் பின்வரிசை ஆட்டக்காரர். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் அவருக்குப் பிடித்த வேலை. பயிற்சியாளர்தான் அவரை ப்ராப்பாக்கினார். ஆரம்பத்தில் எவ்வளவு உதை வாங்கியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். இருபது வயதில் ஜிம்மில் யாரைவிடவும் அதிக எடை தூக்குகிற பையன், 34 வயதுத் தொப்பைக்காரர் ஒருவரிடம் மாட்டி, ஏன் விழுகிறோம் என்று புரியாமலே பிற்பகல் முழுக்க விழுந்துகொண்டிருப்பார். அப்படி விழுந்துதான் படிக்க முடியும், புத்தகத்தில் படிக்க முடியாது. வேல்ஸின் ஆடம் ஜோன்ஸை ஆரம்ப காலத்தில் பயிற்சியாளர் ஸ்டீவ் ஹேன்சன் அரை மணி நேரத்திலேயே வெளியே எடுத்துவிடுவார், அதற்கு மேல் மூச்சு தாங்காது என்று. அவமானமாகத்தான் இருந்திருக்கும். அதே ஜோன்ஸ் பிற்பாடு மூன்று கிராண்ட்ஸ்லாம், அதாவது ஐரோப்பிய ஆறு நாட்டுப் போட்டியில் எல்லா ஆட்டத்தையும், வென்ற அணிகளுக்குத் தூணாக நின்றார்.

2009-ல் இந்த இரண்டு பேர் கதையும் ஒன்றாகச் சேர்ந்தது. டர்பனில் தென்னாப்பிரிக்காவுக்கும், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து நான்கும் சேர்ந்த பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸுக்கும் முதல் டெஸ்ட். 24 வயதுகூட ஆகாத ம்டவாரிரா, உலகக் கோப்பை வென்ற ஃபில் விக்கரியை ஸ்க்ரம்முக்கு ஸ்க்ரம் தூக்கி நிறுத்தினார், நிஜமாகவே கால் தரையில் பாவவில்லை. இரண்டாம் பாதி தொடக்கத்தில் விக்கரியை எடுத்துவிட்டு ஜோன்ஸை இறக்கிய பிறகுதான் நிலைமை சமமானது. ம்டவாரிரா கோணம் போட்டுத் தள்ளினார், அது சட்டமீறல் என்று லயன்ஸ் ரசிகர்கள் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது மூன்றாவது டெஸ்ட். ஜோன்ஸுக்குத் தோளில் அடி, வேறு வழியில்லாமல் விக்கரி திரும்ப வந்தார், இந்த முறை அசையவில்லை, லயன்ஸ் 28–9 என்று வென்றது. இடையில் இரண்டே வாரம். அதற்குள் உடம்பு பலம் கூடியிருக்காது, எங்கே இடம் விட்டோம் என்று கண்டுபிடித்து அடைத்திருக்கிறார். மறுவருடமே கழுத்துக் காயத்தால் அவர் ஓய்வு பெற வேண்டியதாயிற்று.

கழுத்து. எங்கே சுற்றினாலும் பேச்சு அங்கேதான் வந்து நிற்கிறது. ப்ராப்களின் வாராந்தரப் பயிற்சியில் கழுத்துக்கென்றே தனி நேரம் உண்டு. தலையில் பட்டை மாட்டி எடையை இழுப்பது, ஆளை முதுகில் ஏற்றிக்கொண்டு நாலு காலில் ஊர்வது. காது வேறு கதை. உராய்ந்து உராய்ந்து குருத்தெலும்புக்கும் தோலுக்கும் நடுவில் ரத்தம் கட்டி, ஊசி போட்டு எடுக்காவிட்டால் அப்படியே இறுகிச் சுருங்கிவிடும். பலர் எடுப்பதில்லை, எடுத்தாலும் அடுத்த வாரம் மறுபடி கட்டும். சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 120 கிலோவை ஒட்டிய உடம்பை சீசன் முழுக்கக் காப்பாற்றுவது சுகமான வேலை மாதிரித் தெரியும், பசியில்லாதபோதும் தின்றுகொண்டே இருக்க வேண்டும் என்கிற வரைக்கும். சாலட் தின்று ஸ்க்ரம் ஜெயிக்க முடியாது என்று ஆக்ஸ் ன்சே சொன்னது பனியன்களில் அச்சாகும் அளவுக்குப் பிரபலம். ஆள் கேக் பிரியர்.

1992-ல் வேல்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் லெனார்டுக்குக் கழுத்தில் ஒரு வட்டு சிதைந்தது. இடுப்பெலும்பில் ஒரு துண்டை எடுத்துக் கழுத்தில் வைத்து அறுவை செய்தார்கள். அடுத்த சீசனில் இங்கிலாந்து ஆடிய முதல் ஆட்டத்தில் அவர் இருந்தார். அயர்லாந்தின் சியன் ஹீலிக்கு 2015-ல் கழுத்து அறுவைக்குப் பிறகு வலது கை நரம்பு செத்த மாதிரி ஆகி, ஒரு பொருளைப் பிடிப்பதே சிரமமாக இருந்தது. ஓய்வுக்குத் தயாராகிவிட்டவர், உணர்வு திரும்பி, இன்னும் பத்து வருடம் ஆடி, 137 ஆட்டங்களோடு 2025-ல் நிறுத்தினார். அயர்லாந்துக்கு அதைவிட அதிகம் ஆடியவர் எந்த இடத்திலும் இல்லை. ஆஸ்திரேலியாவின் சாதனையும் ஒரு ப்ராப்பிடம்தான், ஜேம்ஸ் ஸ்லிப்பர், 151. தென்னாப்பிரிக்காவின் ஆஸ் டு ராண்ட் 1995-ல் உலகக் கோப்பை வென்று, காயங்களால் சில வருடம் ஆட்டத்தையே விட்டுவிட்டு, திரும்பி வந்து 2007-ல் இன்னொன்றும் வென்றார்.

இந்தப் பெயர்களை மட்டும் சொல்லிக்கொண்டு போனால் ஏமாற்றுவேலை. 2005 மார்ச்சில் இங்கிலாந்து 21 வயதுக்குட்பட்டோர் அணிப் பயிற்சியில் ஒரு ஸ்க்ரம் சரிந்து, மாட் ஹேம்ப்சன் என்கிற இளம் டைட்ஹெட்டுக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் இயங்காமல் போனது. வயது இருபது. சுவாசக் கருவியோடு வாழ்கிறார். விளையாட்டில் கடுமையாகக் காயம்பட்டவர்களுக்கு உதவ அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை நடக்கிறது. 2013-லிருந்து மோதுவதற்கு முன்பே பிடித்துக்கொள்ள வேண்டும் என்று விதி மாறியதற்கு இப்படிப்பட்ட விபத்துகள் மேல் இருந்த பயமும் ஒரு காரணம். அதற்கு முன் சற்று தூரத்திலிருந்து இரண்டு கூட்டமும் பாய்ந்து மோதும், உச்ச அளவில் ஒன்றரை டன்னுக்கும் மேல் விசை. பாய்ச்சலில் பிழைத்த ப்ராப்கள் சிலர் அந்த மாற்றத்தில் காணாமல் போனார்கள், பிடியும் பொறுமையும் தெரிந்தவர்களுக்கு மவுசு வந்தது. எனக்கு அது நல்ல மாற்றம்.

ஹேமன் விஷயம் இன்னும் கசப்பு. 2021-ல், 41 வயதில், தனக்கு இளவயது மறதிநோய் இருப்பதாக அறிவித்தார். அதற்கு முந்தைய வருடம், 2003 உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து அணியின் ஹூக்கர் ஸ்டீவ் தாம்ப்சன், அந்த இறுதி ஆட்டத்தில் ஆடியதே தனக்கு நினைவில்லை என்று சொல்லியிருந்தார். ஒரு பெரிய அடியால் வருவதல்ல இது. வருடக்கணக்கில், பயிற்சியிலும் சேர்த்து, தலை குலுங்கியதன் கூட்டுத்தொகை என்றுதான் மருத்துவர்கள் சந்தேகப்படுகிறார்கள். முன்னாள் ஆட்டக்காரர்கள் பலர் சேர்ந்து நிர்வாக அமைப்புகள் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். இப்போது தலையில் அடிபட்ட சந்தேகம் வந்தாலே வெளியே கூட்டிப்போய்ச் சோதிக்கிறார்கள், உலகின் பெரிய கிளப்கள் வாரப் பயிற்சியில் மோதல் நேரத்தைக் குறைத்திருக்கின்றன. ஹேமன் ஆட வந்த காலத்தில் இதெல்லாம் பேச்சுக்குக்கூட இல்லை.

அதே நேரம் ஸ்க்ரம்மையே ஓரங்கட்டும் வேலையும் நடக்கிறது. 2023 உலகக் கோப்பைக் கால் இறுதியில் தென்னாப்பிரிக்காவின் டேமியன் வில்லெம்ஸ தன் எல்லைக்குள்ளேயே பந்தைப் பிடித்து, 'மார்க்' கேட்டு ஃப்ரீ கிக் வாங்கிவிட்டு, உதைப்பதற்குப் பதில் ஸ்க்ரம் வேண்டும் என்று சைகை காட்டினாரே, பிரான்ஸ் ரசிகர்கள் வாயடைத்துப் போனார்கள், நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். 2024 ஜூலையிலிருந்து ஃப்ரீ கிக்குக்கு ஸ்க்ரம் கேட்க முடியாது. ஆட்டம் வேகமாக வேண்டுமாம்.

வேகம் வேண்டும் என்றால் பெஞ்சில் கை வைக்கட்டும் என்பது என் கட்சி. தென்னாப்பிரிக்கா 2023 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் எட்டு மாற்றுகளில் ஏழு பேரை ஸ்க்ரம்மில் தள்ளுகிற எட்டுப் பேர் கூட்டத்துக்கே வைத்தது; களைத்துப்போன ஆள் மேல் ஐம்பதாவது நிமிடத்தில் புதிதாக 130 கிலோ வந்து மோதுகிறது, காயம் ஏன் வராது? மாற்றுகளை நான்கு ஐந்தாகக் குறைத்தால் ப்ராப்கள் எழுபது எண்பது நிமிடம் ஓடியாக வேண்டும், உடம்பு தானாக இறங்கும், மோதலும் கொஞ்சம் தணியும். ஆனால் பதினெட்டாம் நம்பர் சட்டையை நம்பிக் குடும்பம் நடத்துகிற நூற்றுக்கணக்கான டைட்ஹெட்களில் பாதிப்பேருக்கு வேலை போய்விடும், அவர்கள் சங்கம் இதற்குச் சம்மதிக்குமா என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் வரிசை ஆளுக்குக் காயம் வந்தால் மட்டும் கூடுதல் மாற்று என்று ஒரு விதிவிலக்கு வைக்கலாம்தான். வைத்தால் முதல் வாரமே எத்தனை ப்ராப்களுக்கு ஐம்பதாவது நிமிடத்தில் சரியாகத் தொடை பிடிக்கும் என்று எண்ணிக்கொள்ளலாம்.